பஸ் ஏறிய கோரை

"சேறு எப்படி நைனா தண்ணியக் கழுவும்?" என்று மகள் மேரி ஒருநாள் கேட்டாள். சித்தூர் மண் ஆய்வுக்கூடத்து உதவியாளர் சத்தியநாதனுக்கு அதற்குப் பதில் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று.

கார்வேட்டிநகரத்துப் பக்கம் ஓர் ஏரி. ஊர்ச் சாக்கடை அதன் ஓரத்துக் கோரைச் சதுப்பில் கறுப்பாக நுழைந்து, தெளிந்து ஏரியில் சேர்ந்தது. ஊர் குடிப்பதும் அந்த ஏரித் தண்ணீர்தான். கோரையை வெட்டிவிட்டு நேராகக் கால்வாய் தோண்ட இஞ்சினியர் நாகபூஷணம் உத்தரவு எழுதி வைத்திருந்தார். இன்று பதினொரு மணிக்குக் கையெழுத்து. அதற்குள் சேறு தண்ணீரைக் கழுவுவதை அவர் கண்ணெதிரே காட்டிவிட வேண்டும்.

சத்தியநாதன் கோரையைச் சேற்றோடு பெயர்த்து, அடியில் ஓட்டையிட்டுத் தக்கை அடைத்த பானையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"சேத்துப் பானையெல்லாம் ஏத்தக் கூடாது, எறக்கு!" என்றார் கண்டக்டர்.

"சேறு இல்லப்பா, ஆராய்ச்சி."

"ஆராய்ச்சியோ ஆட்டுக்குட்டியோ, எறக்கு!"

நாற்றம்தான் தொல்லை என்று நினைத்து, சத்தியநாதன் வெள்ளைத் துண்டால் பானையை மூடினார். அது கங்கம்மா ஜாத்திரை வாரம்; வேப்பிலை செருகிய அம்மன் பானைகள் ஊரெங்கும் போகும். துண்டுக்கு மேலே பச்சைக் கோரை நீட்டிக்கொண்டு நின்றது.

"அடப்பாவி! அம்மன் பானையையா எறக்கச் சொல்ற?" பின்சீட்டிலிருந்து மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி எழுந்து வந்தாள். கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, இது வெறும் மண்ணு" என்றார் சத்தியநாதன்.

"பாத்தீங்களா, என்னா பணிவு!" என்றவள், தன் சொம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை அப்படியே பானையில் ஊற்றினாள். மற்றவர்களும் குங்குமம், வேப்பிலை என்று போட ஆரம்பித்தார்கள்.

கிறிஸ்தவ சபையில் மூப்பரான சத்தியநாதன் பானையைக் கட்டிப்பிடித்து, கண்ணை மூடி, "ஆண்டவரே!" என்று முனகினார்.

"சாமி வந்துடுச்சி!" என்று பஸ்ஸே எழுந்து நின்றது. டிரைவர் பஸ்ஸை இஞ்சினியர் ஆபீஸ் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

நாகபூஷணம் பானையைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏமய்யா, ஆராய்ச்சியக் காட்டுன்னா பூஜையத் தூக்கிக்கினு வந்திருக்கே?"

ஒன்றரை வருஷம் அளந்து பார்த்த மனிதருக்குப் பயம் ஏது? "மஞ்சத் தண்ணியவே பாருங்க சார்" என்று தக்கையை உருவினார். சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர் தம்ளரில் விழுந்தது. பிறகு வாசல் சாக்கடையிலிருந்து மொண்டு வந்த தண்ணீரை ஊற்றினார்கள். இஞ்சினியரின் டீ ஆறிப்போகும்வரை காத்திருந்தார்கள். அதுவும் தெளிந்தே வந்தது.

"மஞ்சள் எங்கய்யா போச்சு?"

"சேறு புடிச்சி வச்சிக்கிச்சு சார்."

நாகபூஷணம் தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பேனாவை மூடினார். "கோரை அங்கயே இருக்கட்டும்."

மறுநாள் சாயங்காலம் ஏரிக்கரையில் அந்த மஞ்சள் சேலைக்காரி பொன்னியம்மாள் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். நாலைந்து கொக்குகளைத் தவிர அங்கே யாருமில்லை. உண்மையை மறைப்பது பாவம் என்று சத்தியநாதனுக்குப் பட்டது.

"அம்மா, உங்க பக்தியக் கொறை சொல்லல. ஆனா நேத்து நீங்க மஞ்சத் தண்ணி ஊத்தினது சாமிப் பானை இல்ல. இந்தச் சேறுதான்."

பொன்னியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்தாள்.

"எங்க ஏரிக் கோரை எனக்குத் தெரியாதா சார்? போன வருஷம் எங்க கெணத்துத் தண்ணிய சோதிச்சு, குடிக்காதீங்கன்னு வூடு தேடி வந்து சொன்னீங்களே, அதாலதான் எம்பொண்ணு பொழைச்சா. அம்மன்னு நான் கத்தலன்னா அந்தக் கண்டக்டரு உங்கள ஏத்தியிருப்பானா?"