எருமை வழக்கும் மத்தியானச் சோறும்

உருத்திரபுரத்தில் வழக்கர் வழக்குப் போடாத ஆட்கள் இரண்டே வகை: இன்னும் பிறக்காதவர்கள், அவர் வருவதற்கு முன்பே செத்துப்போனவர்கள். வழக்கர் என்பது ஊர் வைத்த பட்டம். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் கூப்பிடுகிற நேரம் தவிர அதை யாரும் கேட்டதில்லை. வாய்க்கால் தண்ணீருக்கு ஒரு வழக்கு, வேலிக்கு ஒரு வழக்கு, கோயில் ஒலிபெருக்கி தன் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்ததற்கு ஒரு வழக்கு. அவருக்காக வாதாடிய அப்புக்காத்து கல்வீடு கட்டியபோது, அதன் முன்விறாந்தை வழக்கருடையது என்று ஊரில் கதைத்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரிக்குப் பிறகு மலேரியாக் காய்ச்சல் ஊரைப் படுக்கப் போட்டது. சில வீடுகளில் அடுப்பு மூட்டவும் ஆள் இல்லை. நான் அப்போது அங்கே கூட்டுறவுக் கடையில் கிளாக்கர். நாங்கள் சிலர் சேர்ந்து சனசமூக நிலையத்தில் மத்தியானச் சோறு சமைத்து, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினோம். வாய்க்கால் கட்டுப் பாதை ஒரே சேறு. அந்தப் பக்கம் போகத்தான் ஆள் அகப்படவில்லை. கூப்பிடாமலே வந்து நின்றார் வழக்கர். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. சொன்னால் அதற்கும் வழக்கு வரும்.

மனிதர் சோறு கொடுக்கிற விதமே தனி. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு அம்மா, காய்ச்சலோடு எழும்பி வந்து, “எங்களுக்கு வேணாங்க, வேற யாருக்காச்சும் குடுங்க” என்றிருக்கிறார்.

வழக்கர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “உங்கட பேரில சமைச்சாச்சு. திருப்பிக் கொண்டுபோனால் சட்டப்படி பிழை” என்றாராம். அந்த அம்மா பயந்துபோய் இரண்டு கையாலும் சட்டியை வாங்கிக்கொண்டார். அந்தச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது என்று அவருடைய அப்புக்காத்துக்கும் தெரியாது.

சிக்கல் தம்பிராசா வீட்டில் வந்தது. தம்பிராசாவின் எருமை வழக்கரின் வயலில் இறங்கிப் பயிரை மேய்ந்த வழக்கு அப்போது நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. இப்போது தம்பிராசா வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். அங்கே வேறு ஆளை அனுப்புவோம் என்றோம். வழக்கருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் பாதையில் இருக்கிற வீட்டுக்குத் தான்தான் போவேன் என்று கிளம்பினார். கொலை விழக்கூடாதே என்று நானும் பின்னால் சைக்கிளை மிதித்தேன்.

சாக்குக்குள் சுருண்டு கிடந்த தம்பிராசா இவரைக் கண்டதும் தலையைத் தூக்கினார். “இவன்ர கையால சோறு தின்னமாட்டன். நஞ்சு வைச்சிருப்பான்.”

பாயில் கிடந்த பிள்ளைகள் சட்டியின் மூடியையே பார்த்தார்கள்.

“நஞ்சு வைக்கிற ஆளெண்டால் நான் ஏன்ரா வழக்கெண்டு கோட்டுக்கு அலையிறன்?” என்றார் வழக்கர். அப்படியே நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து, எல்லோருக்கும் முன்னால் ஒரு பிடி அள்ளிச் சாப்பிட்டார். நிரூபணம் போதாது என்று பட்டதோ என்னவோ, இன்னொரு பிடி. பருப்பில் உப்புக் குறைவு என்று சொல்லி, அதைச் சரிபார்க்க மூன்றாவது பிடிக்குக் கையை விட்டார்.

தம்பிராசாவின் மனைவி மரகதம் மெல்ல வாய் திறந்தார். “அண்ணை, நம்பிட்டம். பிள்ளையளுக்கும் கொஞ்சம் விடுங்கோ.”

தம்பிராசா சிரிக்கக்கூடாது என்று வாயை இறுக்கினார். இருமல் வந்து அதைக் கெடுத்தது. பிறகு எழும்பியிருந்து தானும் சாப்பிட்டார். வழக்கர் வேலிப் படலையில் நின்று, வெள்ளிக்கிழமை கோட்டில் வழக்கு, மறந்துவிடாதே என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

வெள்ளிக்கிழமை தம்பிராசாவால் எழும்ப முடியவில்லை. எதிராளி வரவில்லை, வழக்கு எங்கள் பக்கம்தான் என்று அப்புக்காத்து மகிழ்ந்து நிற்கும்போது வழக்கர் எழும்பிவிட்டார்.

“ஐயா, அவனுக்குக் காய்ச்சல். நேற்றும் நான்தான் சோறு குடுத்தனான், அரைவாசியும் சாப்பிடேல்லை. எழும்பி நிக்கேலாத ஆளோட என்னெண்டு ஐயா வழக்காடுறது? வேற நாளுக்குத் தவணை போடுங்கோ.”

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தவணை போட்டார். அப்புக்காத்து அன்று முழுக்க வழக்கரோடு பேசவில்லை.

காய்ச்சல் விட்டதும் தம்பிராசா தடியூன்றி வழக்கர் வீட்டுக்கே வந்தார். மேய்ந்தது தன் எருமைதான் என்றும், அறுவடையில் நெல் தருகிறேன் என்றும் ஒப்புக்கொண்டார். ஊரே சந்தோசப்பட்டது. வழக்கர் மட்டும் இடிந்துபோய் என் கடைக்கு வந்தார்.

“நல்லாப் போய்க்கொண்டிருந்த வழக்கை நாசமாக்கிப்போட்டான் தம்பி” என்றார்.

பிறகு எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. அங்கே வாடகை அறையில் ஒருமுறை நான் காய்ச்சலாய்க் கிடந்தேன். மரியாதையான அயலவர்கள், வாசலில் நின்று ஏதும் வேணுமோ என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். சரி என்று போய்விட்டார்கள். கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிட்டுப் போகாத மனிதர், எனக்குத் தெரிந்து, வழக்கர் ஒருவர்தான்.