மல்லாந்த கோழி

கொழுந்தன் மகனுடைய கனவுக்குள் தான் போய்வந்த சேதி மேமுனாட்டுவுக்குக் குழாயடியில்தான் தெரியவந்தது.

"உலக்கையைத் தூக்கிக்கிட்டுத் துரத்துனீங்களாமே, அண்ணி?" என்றாள் ரஹினாட்டு, வாளியை நகர்த்திக்கொண்டே. கொழுந்தன் இசாஹாகுவின் மனைவி அவள். "நேத்து மத்தியானம் கண்ணசந்த நாபாரி அலறிக்கிட்டு எழுந்தான். அப்பலருந்து உடம்பு நெருப்பாக் கொதிக்குது."

"நேத்து மத்தியானம் நான் சந்தையில வெண்ணெய் வித்துக்கிட்டிருந்தேன். ஊரே பார்த்துச்சே."

"உடம்பு சந்தையிலதான் இருந்துச்சு. அதை யாரு இல்லேங்குறா?"

மேமுனாட்டு சிரித்தாள், ஆனால் சத்தமில்லாமல். அந்த ஊரில் விதவை வாய்விட்டுச் சிரிப்பதே தனிக் குற்றம். புருஷன் போனபிறகு அவள் மூலையில் உட்காரவில்லை. ஷியா மரத்துக் கொட்டை பொறுக்கி, இடித்து, வெண்ணெய் எடுத்து, தமாலே நகரத்துக்கு லாரியில் அனுப்பினாள். கூரைக்குத் தகரம் போட்டாள். அண்ணன் பயிரிட்ட சோளக்காட்டை விட்டுக்கொடு என்று இசாஹாகு கேட்டபோது, "எனக்கும் கை இருக்கு, மண்வெட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கனவு.

கேட்டவுடனேயே நாபாரிக்கு வந்திருப்பது மலேரியா என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மருந்தகத்தில் மாத்திரை வாங்கி, கம்பங்கஞ்சி காய்ச்சி, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். பகையை இப்படித்தான் அணைக்க வேண்டும் என்று நினைத்தாள். காய்ச்சல் இறங்கியது. மீசை முளைத்த அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து ஒரு முழுக் கினிக்கோழியைத் தின்றான்.

"பார்த்தீங்களா?" என்று பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னான் இசாஹாகு. "கட்டுனவளாலதானே அவிழ்க்க முடியும்!"

"மாத்திரை கொடுத்தேன்ப்பா, மாத்திரை!" என்றாள் மேமுனாட்டு.

"மாத்திரை நாங்களும்தான் கொடுத்தோம். எங்க மாத்திரை ஏன் கேட்கலை?"

"நீங்க கொடுத்தது தலைவலி மாத்திரை!"

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் இசாஹாகு. கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

வழக்கு ஊர்த்தலைவரிடம் போனது. அவர் தோல் விரிப்பில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். "மனுஷன் பேசுனா சண்டை. கோழி சொல்லட்டும்" என்றார்.

கழுத்தறுத்து வீசிய கோழி மல்லாந்து செத்தால் குற்றமில்லை. குப்புற விழுந்தால் சூனியக்காரி. மேமுனாட்டு தன் சேவலைப் பிடித்துக் கொடுத்தாள். அது மல்லாந்து விழுந்தது.

"அவ வீட்டுச் சேவல்! தின்ன சோளத்துக்கு விசுவாசம் காட்டுது" என்றான் இசாஹாகு. ஓடிப்போய்த் தன் சேவலைக் கொண்டுவந்தான். அதுவும் மல்லாந்தே விழுந்தது.

"ஐயோ, என் சேவலையே மயக்கிட்டாளே!"

தலைவர் பெருமூச்சு விட்டு இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். அது ஒரு கல்லில் முட்டி, ஒருக்களித்துச் சாய்ந்தபடியே உயிரை விட்டது. பெரியவர்கள் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள்.

"கல்லு இல்லேன்னா குப்புறத்தான் விழுந்திருக்கும்."

"கல்லு இல்லேன்னா மல்லாக்கத்தான்."

"அப்ப பாதி சூனியக்காரின்னு வச்சுக்கலாமா?" என்று ஒரு பெரியவர் மனசாரக் கேட்டார்.

தலைவர் தாடியைச் சொறிந்தார். அவரைத் தலைவராக்கி அந்த விரிப்பில் உட்கார வைத்தவர்களே இசாஹாகுவின் வகையறாதான். "தாயி, பாதின்னாலும் பயம் பயம்தானே? கொஞ்ச நாள் எங்கயாவது போயிரு."

"எங்க போக? என் வீடு இங்கதானே இருக்கு?"

அவள் வீடு போய்ச் சேருவதற்குள் வீடு இல்லை. கூரைத் தகரத்தைப் பிடுங்கியிருந்தார்கள். வெண்ணெய்ப் பானைகள் உடைந்து முற்றமெல்லாம் வழுக்கியது. ஒரு கல் தோளில் விழுந்தது. இன்னொன்று புருவத்தைக் கிழித்தது. அது நாபாரி எறிந்தது. உடம்பு நன்றாகத் தேறியிருந்ததால் அவன் குறி தப்பவில்லை.

புருவத்தில் கட்டோடு அவள் காவல் நிலையத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் படித்தவர், நல்லவர்.

"அம்மா, சட்டத்துல சூனியக்காரின்னு ஒருத்தி கிடையவே கிடையாது. பயப்படாதீங்க."

"அதை ஊருக்கு வந்து சொல்லுங்கய்யா."

வந்தார். சொன்னார். இசாஹாகுவையும் நாபாரியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். பொழுது சாயும் முன்னே தலைவரே நேரில் போய் இருவரையும் அழைத்து வந்துவிட்டார்.

"பார்த்தியா? அவ நெனச்சா போலீஸே ஓடி வருது!" என்றது ஊர்.

அதுவரை அவள் பக்கம் பேசிய ஓரிருவரும் அவளைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். மாவரைக்கும் இடத்தில் அவள் சோளத்தைத் தொட மறுத்தார்கள். உப்புகூட யாரும் விற்கவில்லை.

மறுபடி இன்ஸ்பெக்டரிடம் போனாள். "வழக்கு நடக்கும்மா. நடக்கிறவரைக்கும் நீங்க உயிரோட இருக்கணும், சாட்சியாச்சே" என்றார் அவர். "முகாம்ல கொண்டுபோய் விடுறேன்."

"சூனியக்காரிங்க முகாமா? அப்படி யாருமே இல்லேன்னீங்களே?"

"சட்டத்துல இல்லம்மா. முகாம்ல இருக்காங்க."

அவளை ஜீப்பில் பின்சீட்டில் உட்காரச் சொன்னார். வழியெல்லாம் அவர் கை சட்டைக்குள்ளே தொங்கிய தோல் தாயத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

முகாம் ஒரு குன்றின் சரிவில் இருந்தது. வட்டக் குடிசைகள். விறகுச் சுமையோடு போகும் பெண்கள். எதிரே வந்தார் அந்த மண்ணுக்குப் பூசை செய்யும் பூசாரி; ஒல்லியான மனிதர், களைத்த கண்கள். பக்கத்தில் ஒரு கிழவி சுரைக்குடுவையில் தண்ணீரோடு நின்றாள்.

"இந்த மண்ணு சூனியத்தைக் குளிர வச்சிரும்" என்றார் பூசாரி. "இதுக்குள்ள வந்தவளைத் தொட எந்த ஊர்க்காரனுக்கும் தைரியம் வராது."

வெகு நாளைக்குப் பிறகு மேமுனாட்டுவுக்கு மூச்சு சீராக வந்தது.

பூசாரி கோழியை அறுத்து வீசினார். மல்லாந்து விழுந்தது. பழக்கத்தில் அவள் முகம் மலர்ந்தது. அவர் முகம் மலரவில்லை.

"நீ சுத்தமானவ."

"தெரியும்யா."

"அப்ப இங்க உனக்கு இடமில்லை. குத்தமில்லாதவளை வச்சுக்கிட்டா மண்ணு கோவிச்சுக்கும். ஊருக்குத் திரும்பிப் போ."

"கொன்னுருவாங்கய்யா!"

"பூசாரி சொன்னாருன்னு சொல்லு. கோழி மல்லாந்து விழுந்துச்சுன்னு சொல்லு."

"அவங்க கோழியும் அதைத்தான்யா சொல்லுச்சு!"

அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு கோழி, ஐயா. ஒண்ணே ஒண்ணு."

கோழி வந்தது. மேமுனாட்டு கண்ணை மூடினாள். அல்லாவே, இந்தத் தடவை குப்புறத் தள்ளிவிடு. கோழி துடித்தது, உருண்டது, குப்புற விழப்போனது. கடைசி மூச்சில் ஒரு உதறு உதறிப் புரண்டு, இரண்டு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு அடங்கியது.

தூரத்தில் இன்ஸ்பெக்டர் ஹாரன் அடித்தார்.

பூசாரி கத்தியைப் புல்லில் துடைத்தார். அவளைப் பார்க்காமல் சொன்னார்: "கோழி சொல்றது ஒண்ணு. வாய் சொல்றது இன்னொண்ணு. வாய் ஒப்புக்கிட்டா மண்ணு ஏத்துக்கும்."

தலைவர் முன்னால் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கல் விழுந்தபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது அவள் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள்.

"போனேன்" என்றாள். "அவன் கனவுக்குள்ள போனேன். உலக்கையோட."

"எதுக்கு?"

"கொல்றதுக்கு."

ஜீப்பிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டதும் பாதி வழியிலேயே திரும்பினார். ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

பூசாரி தலையசைத்து, ஒரு குடிசையைக் கை காட்டினார். கிழவி மேமுனாட்டுவின் மூட்டையை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது.

"பொய் சொல்லிட்டேம்மா. அத்தனை கோழியும் நான் நல்லவள்னு சொன்னப்புறம், என் வாயாலயே என்னைக் கெட்டவளாக்கிட்டேன்."

கிழவி மூட்டையை இறக்கி வைத்து, பூசாரியின் இரத்தக் கையில் தண்ணீர் ஊற்றி, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். அவர் தலை குனிந்து நின்றார்.

"எனக்கும் மல்லாந்துதான் விழுந்துச்சு, தாயி" என்றாள் கிழவி. "அன்னைக்கும் அறுத்தது இவன்தான், நான் பெத்த மகன்."