மூன்றாவது பல்லுக்கு நடந்த வாக்கெடுப்பு

உலகம் தோன்றிய நாளிலிருந்து, கடுகளவு நத்தையின் வாயில் எத்தனை பல் என்பதை ஓட்டெடுத்து முடிவுசெய்த ஒரே அலுவலகம், அந்த நத்தைப் பாதுகாப்பு அலுவலகம்தான். அதற்குப் பிறகு அறிவியல் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அங்கே நத்தை ஓடுகளை வகை பிரிக்கும் வேலை லென்ஸக்காவுக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மண்ணைச் சலித்துக் காலி ஓடுகளைப் பொறுக்குவாள். ஈரத் தூரிகை நுனியில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, புட்டி மூடியில் பரப்பிய மணலில் வாய் மேலே பார்க்க நிறுத்துவாள். அந்த வட்டாரத்தில் குட்டி நத்தை இரண்டு வகை. ஒரே நிறம், ஓட்டில் ஒரே ஐந்து சுற்று. ஓட்டின் வாய் விளிம்பில் பல் மாதிரி இரண்டு முளை இருந்தால் சாதாரண நத்தை. திரும்பின பக்கமெல்லாம் கிடக்கும். கீழ் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு துளிப் பல் இருந்தால் அபூர்வ நத்தை. அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த கற்சரிவை விட்டால் உலகத்தில் அதற்கு வேறு வீடு கிடையாது.

அந்தச் சரிவை மட்டமாக்கித்தான் 'நத்தைப் பாதுகாப்பு மாளிகை' கட்டுவதாக இயக்குநர் திட்டம் போட்டிருந்தார். நத்தையைக் காப்பாற்ற இடம் வேண்டாமா? லிஃப்ட் மட்டும் இரண்டு. மாடி ஏற நத்தைக்கு நேரமாகுமே என்ற கருணைதான்.

ஒரே சிக்கல். சரிவில் இருப்பது மூன்று பல் நத்தை என்றால் சட்டப்படி ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது. உடனே 'பல் நிர்ணயக் குழு' கூடியது.

முதலில் பொறியாளர். லென்ஸக்கா நிறுத்தி வைத்திருந்த ஓட்டைத் தள்ளிவிட்டு, பக்கத்துத் தட்டிலிருந்து தாமே ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா, பொக்கை வாயா இருக்கு!"

"அது குட்டி சார். வளர்ந்து, வாய் விளிம்பு தடிச்ச பிறகுதான் பல் வரும்."

"குட்டின்னா பால்பல்லாவது இருக்கணுமே?"

"பால் குடிக்கிற ஜாதி இல்ல சார் அது."

"எனக்குத் தெரிஞ்சது பூஜ்யம். பூஜ்யம்னே எழுதிக்குங்க."

அடுத்து மேலாளர். "எனக்கு என் இமைதான் தெரியுது. ஐயா எத்தனைங்கறாரோ அத்தனை."

ஸ்டோர்கீப்பர் குனிந்தார். குனிந்த வேகத்தில் தும்மினார். ஓடு போன இடம் தெரியவில்லை.

"பார்த்தீங்களா சார்?" என்றாள் லென்ஸக்கா, பதறிப்போய்.

"போகும்போது பார்த்தேன். ரெண்டு பல்லு. சிரிச்சுக்கிட்டே போச்சு."

இயக்குநர் நாற்காலியை விட்டு எழவில்லை. "தலைமை குனிஞ்சா அலுவலகமே குனிஞ்ச மாதிரி. என் கணக்கு ரெண்டு. மேலாளருக்கும் ரெண்டு. உனக்கு எத்தனைம்மா?"

"மூணு சார். நாப்பது ஓடு பார்த்தாச்சு. வளர்ந்தது எல்லாத்துலயும் மூணு. ஒரே ஒரு தடவை நீங்களே வந்து..."

"எல்லார் கருத்துக்கும் இங்க மதிப்பு உண்டும்மா" என்று கனிவாகச் சொல்லி, கூட்டி வகுத்தார். ஐந்து பேருக்குச் சராசரி ஒன்று புள்ளி எட்டு. முழு எண்ணாக்கினால் இரண்டு. கைதட்டல்.

"மழை வர்ற வரைக்குமாவது பொறுங்க சார். இப்ப எல்லாம் கல்லிடுக்குல ஒடுங்கிக் கிடக்கு. ஈரம் பட்டா வெளியே வரும். கையால பொறுக்கி வேற இடத்துல விட்டுப் பார்க்கறேன்."

"இடமாற்ற உத்தரவு இல்லாம இங்க யாரும் நகர முடியாது. விண்ணப்பம் போடச் சொல்லு."

"யாரை சார்?"

"நத்தையை."

மழைக்கு முன்னால் இயந்திரம் வந்துவிட்டது. லென்ஸக்கா சரிவின் குறுக்கே போய் நின்றாள். பாதுகாப்பு அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரிகள் அவளைப் பாதுகாப்பாகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். மூன்று நாளில் சரிவு, தரை ஆனது.

மாளிகை எழும்பியது. திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டி வெச்சிருக்கோம். உயிரோட நாலு நத்தை கொண்டாம்மா. சாதாரணம் வேண்டாம். அந்த மூணு பல்லுக்காரன்தான் வேணும்."

"மூணு பல்லா? நீங்க ஓட்டைப் பார்க்கவே இல்லையே சார்?"

"கூட்டத்துல பார்க்கலை. அதுக்கு முந்தின நாள், நீ சாப்பிடப் போனப்ப, பதினாறு பார்த்தேன். குட்டியைத் தள்ளிட்டு, வளர்ந்ததா எடுத்து, மணல்ல நிறுத்தித்தான் பார்த்தேன். அத்தனையிலும் மூணு. கீழ் ஓரத்துல, துளியா, என்ன அழகு!"

"தெரிஞ்சுமா சார் குழு போட்டீங்க?"

"என்னம்மா நீ, ரெண்டா இருந்திருந்தா குழு எதுக்கு?"

எவ்வளவு கூர்மையான பார்வை! பல் நிர்ணயக் குழுவில், லென்ஸக்காவை விட்டால், மற்ற மூவரும் எதைக் கொல்கிறோம் என்று தெரியாமல் கை தூக்கியவர்கள். எண்ணிப் பார்த்துவிட்டுக் கொன்றவர் அவர் ஒருவர்தான்.