ரூட்டு அண்ணாச்சியின் கையில் விரல் தடம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ரூட்டு அண்ணாச்சி அளவுக்குப் பொய் சொன்னவர் எவரும் இல்லை. ஊர் பெயர்களைக் கூவிப் பஸ்ஸில் ஆள் ஏற்றுவது அவர் வேலை. அவர் "ராயகிரீ" என்று கூவினால் ராயகிரியிலேயே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் மேலநீலிதநல்லூர் ஆபீசுக்குப் போக நான் தினமும் அங்கே நின்றதால், அவர் பொய்களை வரிசையாகக் கேட்கக் கிடைத்தது.

எல்லாம் அவர் உடம்பில் அடிக்கடி தோன்றிய நீலத் திட்டுகளைப் பற்றியவை. முழங்கையில் கன்றியிருந்தால், கரிவலம் ரோட்டில் காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டினார். தோளில் என்றால், நின்றுபோன பஸ்ஸைத் தனியாளாகத் தள்ளினார். ஒருநாள் இரண்டு கைகளிலும் விரல் விரலாகப் பதிந்திருந்தது. அதற்கு மட்டும் அவரிடம் கதை இல்லை.

டீக்கடை மாஸ்டர் விடவில்லை. "அண்ணாச்சி, இந்தப் பன்னி வளையல் போட்டிருந்துச்சோ?"

எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவர் மனைவி செல்லம்மாளுக்கு ஊரில் பயில்வான் என்று பெயர்.

நடந்தது வேறு. தோல் வியாதி என்று நினைத்து, அந்த அம்மாள் கோவில் புற்றுமண்ணைக் குழைத்து அவர் கையில் அழுத்தித் தேய்த்திருக்கிறார். தேய்த்த இடமெல்லாம் கன்றியது. கன்றக் கன்ற இன்னும் அழுத்தித் தேய்த்தார். ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் தண்ணீர்க் குழாய்க்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அண்ணாச்சிக்கு ஒருநாள் மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. திருநெல்வேலியில் ஒரு டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி நிதானம் தவறி, ரத்தக் கசிவை அடைக்கும் தட்டணுக்களையே அழிக்கிறதாம். வீக்கத்தைத் தூண்டும் சில புரதங்கள் அந்தச் சண்டையை ஓயவிடுவதில்லை என்று நான் இப்போது படிக்கிறேன்.

திரும்பி வந்த காலையில் அண்ணாச்சி எந்த ஊரையும் கூவவில்லை. நேராக டீக்கடை முன் வந்து நின்றார்.

"என் வீட்டுக்காரி அடிக்கல வே. கள்ள டிக்கெட்டைப் பிடிக்க ஏறுன செக்கிங்கு, கண்டக்டரையே கீழ தள்ளுதான். என் ரத்தத்துல அதான் நடக்கு."

"இது பன்னியைவிட நல்லாருக்கு" என்றார் மாஸ்டர். அண்ணாச்சி சொன்ன முதல் உண்மையை ஒருவரும் நம்பவில்லை.

அண்ணாச்சி கையை நீட்டினார். "பிடியும் வே. மண்ணு தேய்க்க மாதிரி அழுத்திப் பிடியும்."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே பிடித்தார். அவருக்கு ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது. மறுநாள் அண்ணாச்சி அதே கையைப் பாய்லர் பக்கம் நீட்டியபோது, அரை விரல் உட்பட அத்தனையும் நீலமாகப் பதிந்திருந்தன.

"யாரு கைன்னு பாத்துக்கிடும். நீரு என்னய அடிச்சீரா?"

மாஸ்டர் பாய்லரைத் துடைக்கத் தொடங்கினார். நாங்கள் பஸ் நேரம் எழுதிய போர்டை, அன்றுதான் எழுத்துக்கூட்டப் பழகியவர்கள் மாதிரி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். செல்லம்மாள் மறுபடி குழாயடிக்கு வந்த அன்று, அவர் குடத்தை யாரோ எடுத்து வரிசையில் முதலில் வைத்தார்கள்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் அண்ணாச்சியின் முகம் பூசணிக்காயாக ஊதியது. தேன்கூட்டைத் தலையால் முட்டியதாகச் சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அந்த வருஷம் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தெருவில் எள் விழ இடமில்லாத கூட்டம். அதற்குள் அவர் நடந்து வந்தபோது, அவர் மேல் படாமல் ஆளாளுக்குக் கையை இழுத்துக்கொண்டு வழிவிட்டோம்.