பத்து நிமிஷம் சார்

‘சோலார் தகடு மாட்டும் வேலையில் பெண்கள் எத்தனை பேர்?’ என்ற படிவக் கட்டத்தில் மேனேஜர் பூஜ்யம் போட்டார். போனில் அதைக் கேட்ட முதலாளி சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"பதினோரு மணிக்கு ஆய்வுக்கு ஒரு அம்மா நேர்லயே வராங்க. பூஜ்யத்தைப் பார்த்தா காண்ட்ராக்ட் போயிடும். பின்னாடியே நீங்களும் போயிடலாம்."

மேனேஜர் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ரிசப்ஷன் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஹெல்மெட் போட்டுக்கிட்டு மாடியில அரை மணி நேரம் நில்லும்மா."

"நின்னா போதுமா சார்?"

"போதும். எதையும் தொடாதே."

பாதி ஏணியில் அவளுக்குத் தலை சுற்றியது. கைக்கு அகப்பட்டதைப் பிடித்தாள். அகப்பட்டது மெயின் சுவிட்ச். ஆபீஸ் இருண்டது. பிய்ந்து வந்த சுவிட்ச் கைப்பிடியும் கையுமாக அவள் இறங்கி வந்தாள்.

மேனேஜர் உச்சாணிக்கு மெசேஜ் அனுப்பினார். எந்நேரமும் கூரை உச்சியிலேயே இருக்கும் மெக்கானிக்குக்கு ஆபீஸ் வைத்த பேர் அது. மேனேஜருக்கு உயரம் ஆகாது. அதனால் இன்னும் முகம் பார்த்ததில்லை.

"தம்பி, கரண்ட் போச்சு. ஓடி வா."

"வெளியே இருக்கேன். பத்து நிமிஷம் சார்" என்று பதில் வந்தது.

"தினமும் இதே பத்து நிமிஷம். டீக்கடையே கதின்னு கிடக்கிறான்" என்று பல்லைக் கடித்தார் மேனேஜர்.

அடுத்த கட்டம்: ‘பெண்களுக்குக் கழிப்பறை உண்டா?’ ஆபீஸில் இருந்தது ஒன்றே ஒன்று. ‘பெண்கள்’ என்று ஒரு தாளில் எழுதி அதன் கதவில் ஒட்டினார். தட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆய்வுக்கு வந்த அம்மாவிடம் முதலில் அந்தக் கதவைத்தான் பெருமையாகக் காட்டினார். கதவு திறந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டே அக்கவுண்டன்ட் வெளியே வந்தார்.

"உங்ககிட்ட வேலை பார்க்கிற பெண் இவங்கதானா?" என்று கேட்டார் அந்த அம்மா.

இனி மறைக்க என்ன இருக்கிறது?

"மன்னிச்சுடுங்க மேடம். கூரை வேலையில ஒரு பெண்கூட இல்லை." சொல்லும்போதே மேனேஜருக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. வெளிச்சத்தில், வாசலில் நின்ற வாட்ச்மேன் கதவிலிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல காரியம் பண்ணீங்க சார். நாலு வருஷமா நம்ம உச்சாணி அக்கா, பாவம், இதுக்குன்னு பெட்ரோல் பங்க்குக்குல்ல ஓடிட்டு வந்தாங்க."