மைக்கைத் தொடாமல் இருக்க முடியாதவர்

ஒலிபெருக்கி என்கிற சாதனம் நம் தென்காசிப் பக்கம் வந்து சேர்ந்து ஏழெட்டு வருஷம்தான் ஆகிறது. அது வந்த மறுநாளே ஒரு புது வகை மனிதரும் வந்து சேர்ந்துவிட்டார். அவர் மைக் செட்டுக்குச் சொந்தக்காரர் அல்ல. பேச வந்தவரும் அல்ல. நோட்டீஸில் பொடி எழுத்தில்கூட அவர் பெயர் இருக்காது. ஆனாலும் மேடையில் மைக்கை நட்டு வைத்த ஐந்தாவது நிமிஷம், முன்வரிசையிலிருந்து வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் எழுந்து, "சரியில்லையே, சரியில்லையே" என்று முணுமுணுத்தபடி படியேறுகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். அவருக்கு மைக்திருத்தி என்று நானாகவே பெயர் வைத்திருக்கிறேன். அகராதிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மைக்கைக் கண்டதும் முதலில் அடுப்பு ஊதுவது போல் 'ஃபூ' என்று ஊதுவார். அப்புறம் நகத்தால் சுண்டுவார். அப்புறம் "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார். மூன்றுக்கு மேல் அவர் எண்ணி நான் கேட்டதில்லை. பிறகு கம்பத்தின் திருகைத் தளர்த்தி மைக்கை ஒரு சாண் உயர்த்துவார், இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், 'உச்' கொட்டுவார், திரும்பி வந்து அதே ஒரு சாணை இறக்குவார், மைக் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்ததும் "இப்பத்தான் சரி" என்று திருப்திப்படுவார். கடைசியாக, கூட்டத்தின் கோடியில் நிற்பவர்களைப் பார்த்து, "கேக்குதா?" என்று ஒரு கேள்வி போடுவார். கேட்காதவன் எப்படி ஐயா பதில் சொல்வான்?

எங்கள் ஊர் மைக்திருத்தி குத்தாலிங்கம் அண்ணாச்சி. இரண்டு போகம் விளைகிற வயலும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருப்பதால், அவருக்குப் பொழுது தாராளம். நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். சுரண்டையில் கல்யாணமா, புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரிகள் கூட்டமா, அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் பஸ் பிடித்துப் போய் மைக்கைத் திருத்திவிட்டு, இலை போட்டால் சாப்பிட்டுவிட்டு, போடாவிட்டால் அதையும் பொறுத்துக்கொண்டு திரும்பி வருவார்.

அவருக்கு ஒரே ஒரு எதிர்க்கட்சி உண்டு. மைக் செட்டுக்குச் சொந்தக்காரனான வேல்சாமி. வேல்சாமியிடம் இரண்டு மைக்குகள் இருந்தன. பழையது, இரும்பு வளையத்துக்குள் நான்கு சுருள்கம்பிகள் இழுத்துப் பிடிக்கத் தொங்குகிற வட்ட டப்பா. உள்ளே கரித்தூள். சாரல் காலத்து ஈரம் பட்டால் கரி கட்டிக்கொண்டு மைக் மூச்சு விடாது. வெயில் காட்டிச் சுண்டி எழுப்ப வேண்டும். தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கு அது போதும். புதியது, பட்டணத்திலிருந்து வந்தது. மாங்காய் அளவுதான் இருக்கும். மெல்லிய குரலைக்கூட விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதில் ஊதவும் கூடாது, சுண்டவும் கூடாது. அதைப் பழைய பனியனில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருப்பான் வேல்சாமி.

குரலைப் பார்த்து மைக் போட வேண்டும் என்பது வேல்சாமியின் கட்சி. ஆளைப் பார்த்து மைக் போட வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்சி. "பெரிய மனுசனுக்குப் புது மைக்கு, மத்தவங்களுக்குப் பழைய மைக்கு. பந்தியில தலைவாழை யாருக்குப் போடுதோம்? அப்படித்தாம்லே இதுவும்" என்பார். கம்பத்தின் உயரத்துக்கும் இதே நியாயம்தான். பெரியவர்கள் முகத்துக்கு நேரே மைக் நீட்டிக்கொண்டு நிற்பது மரியாதைக் குறைவாம். அவர்கள் தொப்புளுக்கு நேரே இறக்கிவிடுவார். பேசுகிறவர் வாய் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, போன வருஷம் குற்றாலத்தில் அந்தக் கூட்டம் நடக்கிறவரைக்கும்.

அருவிக்கு வருகிறவர்கள் தங்குவதற்குப் புதிதாக ஒரு சாவடி கட்டியிருந்தார்கள். திறந்து வைக்கப் பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எந்த ஊருக்கு ஆஸ்பத்திரி, எந்த ஊருக்கு மருத்துவச்சி என்று உத்தரவு போடுகிற அதிகாரம் அவர் கையில். சாயங்கால ரயிலைப் பிடித்து ஊர் திரும்ப வேண்டியவர். அவர் பேசி முடித்த பிறகு முருகம்மாள் பேச ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள்.

முருகம்மாள் மேலகரத்துக்கு அப்பால் வயல்காட்டுக்குள் இருக்கிற சின்ன ஊர்க்காரி. முந்தின ஐப்பசியில் அவளுடைய மதினி பிரசவ வேதனையோடு தென்காசிக்குப் போகிற வழியில் வண்டியிலேயே இறந்துபோனாள். அதற்குப் பிறகு முருகம்மாள் வீடு வீடாக ஏறி இறங்கி, பெண்களிடம் கைநாட்டு வாங்கி, மேலகரத்துக்கு ஒரு மருத்துவச்சி வேண்டும் என்று மூன்று மனுப் போட்டாள். மூன்றுக்கும் பதில் இல்லை. நாலாவது மனுவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். நேரில் சொன்னால்தான் உண்டு என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் குரலோ, பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். போதாததற்கு அருவி இரைச்சல் வேறு.

மேடைக்குப் பின்னால் வேல்சாமி அவளிடம் சொன்னான்: "பயப்படாதீய, அக்கா. ஒங்களுக்குப் புது மைக்குதான். நாடிக்கு ஒரு சாண் தள்ளி வைக்கேன். நீங்க கத்தவே வேண்டாம். பக்கத்துல இருக்க ஆள்ட்டப் பேசுத மாரிப் பேசுங்க, போதும்."

அப்படியே நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை ஏது? புது மைக்கைக் கம்பத்தில் மாட்டியதும் அண்ணாச்சி படியேறிவிட்டார்.

"ஏலே வேல்சாமி, புது மைக்குக்குச் சந்தனம் வச்சியாலே?"

"மெஷினுக்கு எதுக்கு அண்ணாச்சி சந்தனம்?"

"பஸ்ஸுக்கு வைக்கலையா? அரிசி மில்லுக்கு வைக்கலையா? இது மட்டும் என்ன பாவம் செஞ்சுது?"

நியாயமான கேள்விதான். ஆனால் பஸ்ஸுக்கு நெற்றி வேறு, காது வேறு. மைக்குக்கு நெற்றியும் காதும் ஒன்றே. வேல்சாமி பாய்ந்து வருவதற்குள் அண்ணாச்சி மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி மைக்கின் முகத்தில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கம்பத்தில் ஒரு புளியங்குடி எலுமிச்சம்பழத்தையும் கட்டிவிட்டார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நாங்கள் கைதட்டினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெரிய அதிகாரி பேசினார். சந்தனம் அடைத்த மைக்கில் ஒரு சத்தமும் ஏறவில்லை. ஆனால் அவருக்கு மைக்கே தேவைப்படாது. அவர் போட்ட சத்தத்தில் அருவியே சற்று ஒதுங்கி நின்றது போல் இருந்தது. "பாத்தியா, புது மைக்கு எப்படிக் கேக்குதுன்னு!" என்று அண்ணாச்சி என் தொடையில் தட்டினார்.

அடுத்து முருகம்மாள் வந்து நின்றாள். அண்ணாச்சி மறுபடியும் மேடையில்! புது மைக்கைக் கழற்றி வேல்சாமி கையில் கொடுத்துவிட்டுப் பழைய வளைய மைக்கை மாட்டினார். ஊதினார். சுண்டினார். "ஹலோ, ஹலோ" என்றார். உயர்த்தினார், பின்னால் போனார், ஒரு கண்ணை மூடினார், இறக்கினார். கம்பத்தை ஒலிபெருக்கிக் குழாய்ப் பக்கமாகத் திருப்பினார். குழாய் 'கீ' என்று அலறியது. நல்ல அறிகுறி என்றார். திரும்பவும் உயர்த்தினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். எல்லோரையும் கும்பிட்டுவிட்டு இறங்கி, சாவடி வாசலில் நின்ற காரை நோக்கி நடந்தார். முருகம்மாளுடைய ஐந்து நிமிஷம் அவளுடைய கண் எதிரே கரைந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணாச்சியின் குடுமியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

இதற்குள் வேல்சாமி என்ன செய்தான் தெரியுமா? வேஷ்டி நுனியால் புது மைக்கின் சந்தனத்தைத் துடைத்தான். பழைய மைக்கின் ஒயரைப் பிடுங்கினான். புதியதை இன்னொரு கம்பத்தில் மாட்டி, அண்ணாச்சியின் முதுகுக்குப் பின்னால், முருகம்மாளின் மோவாய்க்கு ஒரு சாண் தள்ளி, சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு நகர்ந்துவிட்டான். அண்ணாச்சி ஊதிக்கொண்டே இருந்தார். அவர் ஊதியது உயிரில்லாத மைக்.

முருகம்மாள் அதையும் கவனிக்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுதியளா? போன ஐப்பசியில எங்க மதினி வண்டியிலயே கெடந்து செத்துப்போனா. மேலகரம் வரைக்கும் கொண்டாந்துட்டோம். அதுக்கு மேல ஓடையில வெள்ளம், வண்டி போவல. மத்தியானத்துல இருந்து பொழுது அடையுத வரைக்கும் அவ கையப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். பிள்ளையும் போச்சு. அங்கன ஒரு மருத்துவச்சி இருந்திருந்தா ரெண்டு உசுரும் நின்னுருக்கும். இதச் சொல்லத்தான் வந்தேன். அவிய கார்ல ஏறிட்டாவன்னா நான் இனிமே யார்ட்ட அண்ணாச்சி சொல்லுவேன்?"

நான்கு குழாய்களிலும் அந்தக் குரல் வந்தது. கத்தல் இல்லை, அலங்காரம் இல்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து அவரிடம் மட்டும் சொன்னது போல் வந்தது. முறுக்கு விற்றவன் கூவுவதை நிறுத்தினான். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். காரில் ஒரு காலை வைத்திருந்த அதிகாரி அந்தக் காலை எடுத்தார். திரும்பி நடந்து மேடை ஓரத்துக்கு வந்து, "மனு இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கைநாட்டு வரைக்கும் அவர் முழுவதும் படித்தார். ரயில் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் மேலகரத்துக்கு மருத்துவச்சி வந்துவிட்டார்.

அண்ணாச்சி? மேடையை விட்டு இறங்கும்போதே அவர் முகம் பூரித்துக் கிடந்தது. "பாத்தியாலே வேல்சாமி! கடைசியா ரெண்டு அங்குலம் எறக்குனேன் பாரு, அதுல இருக்கு சூட்சுமம். அந்தப் பிள்ளை மெல்லப் பேசியும் எப்படிக் கேட்டுது!"

"ஆமா, அண்ணாச்சி" என்றான் வேல்சாமி, ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

இன்று மேலகரம் பக்கம் போய்க் கேளுங்கள். மருத்துவச்சி வந்ததே குத்தாலிங்கம் அண்ணாச்சி மைக் வைத்த அழகினால்தான் என்று நாலு பேராவது சொல்வார்கள். அந்த நாலு பேருக்கும் சொன்னவர் அண்ணாச்சி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. முருகம்மாள் பேசிக்கொண்டிருந்தாள் அல்லவா, ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது அல்லவா, அப்போது முன்வரிசையில் ஒரு கை மட்டும் உயர்ந்து, 'மைக்கை இன்னும் கொஞ்சம் மேலே' என்று வேல்சாமிக்குச் சாடை காட்டிக்கொண்டிருந்தது. யாருடைய கை என்று திரும்பிப் பார்த்தேன். என்னுடையது. எதற்காக மேலே? எனக்குத் தெரியாது. எல்லாம் நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வேல்சாமி அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தான். அண்ணாச்சியை அவன் எப்படிப் பார்ப்பானோ அதே பார்வை. நான் கையை இறக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் ஒருத்தி எதையோ சொல்ல வந்து மேடையில் நிற்கும்போது உங்கள் வலது கை எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தூக்கியிருந்தால் சங்கடப்படாமல் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்வது முதல் பத்து நிமிஷம்தான் கஷ்டம்.