புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் பம்பை

மவுஸைத் தொடாமலே ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவைக் கட்டி மேய்த்த மனிதன் இந்த உலகத்தில் எங்கள் உத்திரமேரூர் கமாண்டு ஒருவன்தான். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரலாம்.

எங்கள் இன்னிசைக் குழுவில் அவன் கீபோர்டு, நான் பாட்டு. வயலின், வீணை, புல்லாங்குழல் எல்லாம் அவனுடைய பழைய லேப்டாப்புக்குள் சாஃப்ட்வேராகக் குடியிருந்தன. மற்ற கலைஞர்கள் திரையில் கலர் கலராகப் பட்டன்களைப் பார்த்து, க்ளிக் பண்ணி வாத்தியத்தை எடுப்பார்கள். இவனுக்கு அந்த அலங்காரமெல்லாம் ஆகாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். வாத்தியத்தின் பெயர், எண், சுருதி எல்லாவற்றையும் ஒரே வரியாக டைப் அடித்து என்டரைத் தட்டிவிட்டுக் கீபோர்டில் கை வைத்தால் வயலின் அழும். அந்த வரிக்குப் பெயர் கமாண்டாம். அதையே அவனுக்கும் சூட்டிவிட்டு, பெற்றவர்கள் வைத்த பெயரை நாங்கள் மறந்தே போனோம்.

"படம் பாத்து அமுக்கறதெல்லாம் கொயந்தைங்க வேலக்கா. பேர் சொல்லிக் கூப்டா வராதா இன்னா?" என்பான்.

டீக்கடையிலும் அதே கதைதான். டீ, பெரிசு, சக்கரை கம்மி, ஆடை வேண்டாம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு அசையாமல் நிற்பான். சக்கரை தூக்கலாக வந்தால் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ள மாட்டான். தான் சொன்னதில் எங்கே பிசகு என்று மோவாயைத் தடவிக்கொண்டு யோசிப்பான்.

வாலாஜாபாத்தில் ஒரு காதுகுத்துக் கச்சேரி. மேடையில் இவன் தடதடவென்று டைப் அடிப்பதைப் பார்த்த பெரியவர் ஒருவர் நேராக ஏறி வந்து, தன் பட்டா என்ன ஆச்சு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் சரணத்தில் இருந்தேன். சிரிப்பை அடக்கியதில் சுருதி எங்கேயோ போய்விட்டது. கமாண்டு மட்டும் வாசித்துக்கொண்டே அவருக்குப் பொறுமையாகத் தாலுக்கா ஆபீசுக்கு வழி சொன்னான்.

இப்படி ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் மாமியார் குண்டைத் தூக்கிப் போட்டார். மேடையேறிக் காதல் பாட்டு பாடுவது நம் வீட்டுக்குச் சரிப்படாது, சாலவாக்கம் அம்மன் திருவிழாதான் கடைசி, அதோடு மூட்டை கட்டு என்றார். சாலவாக்கம் அவர் பிறந்த ஊர். கடைசிக் கச்சேரி ஒழுங்காகக் கடைசியாகிறதா என்று பார்க்க முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கோ பாட்டை விட்டால் வேறு சந்தோஷமே கிடையாது. அந்த நினைப்போடே மேடையேறினேன்.

ரெண்டு பாட்டு முடிந்ததும் லேப்டாப் திரை செத்துப்போனது. எப்போதும் கறுப்பாக இருக்கிற திரைதானே, கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. குழுத் தலைவருக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. நிறுத்திவிடலாமா என்றார். கமாண்டு அசரவில்லை. திரை எதற்கு, விரலுக்குத் தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு டைப் அடித்தான். அடுத்த பாட்டுக்கு வீணை அச்சுப் பிசகாமல் வந்தது.

அதற்கடுத்தது என் தனிப்பாட்டு. உருகி உருகிப் பாடவேண்டிய காதல் பாட்டு. பல்லவி முடிந்து புல்லாங்குழல் வரவேண்டும். வந்தது பம்பை. ஒரு எண் மாறி அடித்துவிட்டான் போலிருக்கிறது. பதறிப்போய்த் திருத்த எதையோ தட்டினான், கூடவே உடுக்கையும் சேர்ந்துகொண்டது. அம்மன் கோயில் வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் என்ன ஆகும்? முதல் வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்தது. தலைமுடி அவிழ என் மாமியார் எழுந்து ஆட ஆரம்பித்தார்.

நான் பாட்டை நிறுத்தினேன். வேப்பிலையோடு நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். கற்பூரத்தை ஏற்றிக் காட்டி, ஆத்தாவுக்கு என்ன குறை என்று கேட்டார்கள். மாமியார் நேராக என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஏன்டி நிறுத்தின? நான் கேட்டுக்கினு கீறேன் இல்ல? பாடு. நான் சொல்றவரிக்கும் பாடிக்கினே இரு."

பாடினேன். பம்பை, உடுக்கை சகிதம் காதல் பாட்டு பாடிய முதல் பாடகி நானாகத்தான் இருப்பேன். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டது.

மறுநாள் காலையில் கமாண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒரு நம்பரு தப்பா அட்சிட்டேன்கா. உன் கடைசிப் பாட்ட நானே கெடுத்துட்டேன். ராவெல்லாம் தூக்கமே இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. நேற்று ஆடியது எதுவும் அவருக்கு நினைவில்லை. ஆனால் ஆத்தா என்ன சொன்னாள் என்பதைத் தெருவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது.

"அந்தப் புள்ளைய உள்ள வந்து நாஷ்டா துன்னச் சொல்லு. அப்டியே அடுத்த கச்சேரி எந்த ஊர்லன்னு கேட்டு வை. ஆத்தா சொன்னத மீற முடியாது."

கமாண்டு எதுவும் புரியாமல் என்னையே பார்த்து விழித்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது என்று யாரிடமும் சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.